சப்ளையர் பணத்தில் சமூகப் பொறுப்பா?

கேள்வி: அப்பா தொடங்கிய உற்பத்தி நிறுவனத்தை ஆறு ஆண்டுகளாக நான் நடத்திவருகிறேன். 140 நிரந்தர ஊழியர்கள், 60 ஒப்பந்தத் தொழிலாளர்கள். இந்த ஆண்டு ஓர் ஆலோசகரின் உதவியோடு நேர்மை, மரியாதை, தரம், பொறுப்பு என்று நான்கு விழுமியங்களை வகுத்து வரவேற்பறையில் மாட்டினோம். லாபத்தில் 3 சதவீதத்தைப் பள்ளிகளுக்குக் கொடுப்பதென்றும் முடிவு செய்தோம். ஊழியர் கூட்டத்தில் இதை அறிவித்தபோது ஒப்புக்குத்தான் கைதட்டினார்கள். அப்பா காலத்திலிருந்து இருக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் பிறகு என்னிடம் வந்து, "பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறது நல்ல காரியம்தாம்மா. நம்ம சப்ளையருங்க நாலு மாசமா பில்லைத் தூக்கிக்கிட்டு நடக்கிறாங்களே, அதுக்கு என்னம்மா செய்யப்போறோம்?" என்று கேட்டார். 120 நாள் கழித்துப் பணம் தருவது எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான்.

இதற்கிடையே இன்னொரு சிக்கல். எங்கள் ஆர்டர்களில் பாதிக்கு மேல் கொண்டுவருபவர் எங்கள் விற்பனைத் தலைவர். டெலிவரி தேதி நெருங்கியதால், சோதனை முடியாத சரக்குக்குச் சோதனை முடிந்ததாகச் சான்றிதழ் கொடுக்கச் சொல்லி அவர் லேப் ஊழியரை மிரட்டியிருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது. சரக்கில் எந்தக் குறையும் வரவில்லை, வாடிக்கையாளரும் புகார் சொல்லவில்லை. விழுமியம் என்று எழுதி மாட்டியபின் இதை எப்படிக் கையாள்வது? போட்டியாளர்கள் எதையும் பார்க்காதபோது நான் மட்டும் பார்த்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரி. அதை அவர் கூட்டத்தில் எழுந்து கேட்காமல், கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து சொன்னார் பாருங்கள், அந்தப் பண்புக்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் பலர் மனத்தில் இருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த அரைமனசுக் கைதட்டலுக்குக் காரணம் ஊழியர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாததல்ல. பில்லோடு வாசலில் காத்திருக்கும் சப்ளையரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், நீங்கள் பார்ப்பதில்லை.

ஆர்ச்சி கேரல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-இல் நிறுவனங்களின் பொறுப்பை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். அடித்தளம், லாபத்தோடு இயங்குவது. அதன்மேல் சட்டத்தை மதிப்பது. அதற்கும் மேல், சட்டம் கேட்காவிட்டாலும் நியாயமாக நடப்பது. நன்கொடை உச்சியில் இருக்கும் சின்ன முக்கோணம். நீங்கள் மூன்றாம் தளத்தை விட்டுவிட்டு நேராக உச்சியில் ஏறியிருக்கிறீர்கள். பெரும்பாலான நிறுவனங்களும் அப்படித்தான் ஏறுகின்றன. உச்சிதானே வெளியிலிருந்து தெரியும், அங்கேதானே புகைப்படம் எடுக்க முடியும்! சமூகப் பொறுப்புக்கான ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டுதல் 2010-இல் வெளிவந்தது. அது சொல்லும் ஏழு தலைப்புகளில் சுற்றியுள்ள சமூகத்துக்கு உதவுவது ஒன்றே ஒன்று. நிர்வாக முறை, மனித உரிமை, தொழிலாளர் நிலை, சுற்றுச்சூழல், நியாயமான வணிக நடைமுறை, நுகர்வோர் நலன் ஆகிய மற்ற ஆறும் அன்றாட வேலையை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பற்றியவை. (போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: 26000 வழிகாட்டுதல் மட்டுமே, அதற்குச் சான்றிதழ் கிடையாது. யாராவது வாங்கித் தருகிறேன் என்று வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.)

பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-இல் சட்டமே போட்ட இந்தியாவும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் காட்டக் கூடாது. உன் ஆட்களுக்கு நீ செய்வது உன் கடமை, அதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளாதே என்பதுதான் இதன் பொருள். சப்ளையர் விஷயத்திலும் நான் இதையே சொல்வேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் உண்மையான எண்கள் எனக்குத் தெரியாது என்பதால் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். ஆண்டுக் கொள்முதல் 100 பங்கு, விற்பனை 150 பங்கு, லாபம் 15 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 சதவீத நன்கொடை என்றால் 0.45 பங்கு. 120 நாள் கழித்துப் பணம் தருவதால் ஏறக்குறைய 33 பங்கு சப்ளையர் பணம் எப்போதும் உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 45 நாள் கடன் வணிகத்தில் நியாயமானதே என்று தள்ளிவிடுவோம். மிச்சமுள்ள 75 நாளுக்கு 20 பங்குக்கும் சற்று அதிகமாக வருகிறது. 12 சதவீத வட்டி போட்டால் ஆண்டுக்கு இரண்டரைப் பங்கு. ஆக, பள்ளிக்குக் கொடுப்பது அரைப் பங்கு கூட இல்லை. சப்ளையரிடமிருந்து சத்தமில்லாமல் எடுப்பது அதைப்போல் ஐந்து மடங்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான். சிறிய சப்ளையர் வெளியில் வாங்கும் கடனுக்கு 12 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே வட்டி கட்டுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வலுவான சப்ளையர் இந்த வட்டியைக் கணக்குப் போட்டு விலையில் ஏற்றிவிடுவார். அவருக்கு நீங்கள் ஏற்கெனவே வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஏற்ற முடியாதவர், உங்களை விட்டால் வேறு பெரிய ஆர்டர் இல்லாதவர். சுமை முழுதும் அவர் தலையில்தான் இறங்குகிறது. அவர் அதைத் தன் தொழிலாளியின் சம்பளத் தேதியில் இறக்குவார். பள்ளிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்ட வேண்டிய பங்கும் இருக்கக்கூடும்.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்ததால்தான் பல நாடுகள் இதற்குச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி கட்ட வேண்டும் என்கிறது இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதி, நிறுவனங்களுக்கு இடையே பொதுவாக 60 நாள் என்ற வரம்பை வைத்தது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். நீங்கள் துறை வழக்கம் என்று நினைப்பது நேரடியான சட்டமீறலாகவே இருக்கலாம்.

அதற்காக நாளைக்கே எல்லோருக்கும் 45 நாளில் பணம் தருகிறேன் என்று அறிவித்துவிடாதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி அதற்கு 20 பங்கு ரொக்கம் வேண்டும், அது ஓர் ஆண்டு லாபத்தைவிட அதிகம். நல்லெண்ணத்தில் நடப்பு மூலதனத்தை வற்றவிட்டு, சம்பளம் போட முடியாமல் விழித்த முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில், 120 நாளில் எத்தனை நாள் உங்கள் முடிவால் ஆகிறது, எத்தனை நாள் மேசை மேல் பில் தூங்குவதால் ஆகிறது என்று பாருங்கள். சரக்கு வந்த ரசீது கிடைக்கவில்லை, பர்ச்சேஸில் கையெழுத்து ஆகவில்லை, அக்கவுண்ட்ஸில் மாதம் ஒரு தடவைதான் பேமென்ட் போடுவார்கள் என்று மூன்று வாரமாவது இதில் போயிருக்கும். அதைச் சரிசெய்ய ஒழுங்கு போதும். பிறகு சிறிய சப்ளையர்களிலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் அவர்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் மொத்தத் தொகையில் குறைவாகவும் இருப்பார்கள். கொஞ்சம் ரொக்கத்தில் நிறையப் பேருக்கு மூச்சு விட முடியும். பெரியவர்களிடம் "சீக்கிரம் தருகிறேன், விலையில் என்ன குறைப்பீர்கள்?" என்று வெளிப்படையாகவே பேரம் பேசலாம், அது நியாயமான வியாபாரம். சிறியவரிடம் அந்தப் பேரத்தைப் பேசாதீர்கள். அவருக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுக்க அவரிடமே கழிவு கேட்பது அழகல்ல.

பள்ளித் திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அறிவித்தாயிற்று, எங்கோ சில தலைமையாசிரியர்கள் நம்பிக்கொண்டும் இருப்பார்கள். இந்த ஆண்டுக்கானதைக் கொடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் 60 பேரைப் பற்றி ஒரு எண்ணைத் தவிர வேறெதுவும் நீங்கள் எழுதவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுத்துகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். டெலிவரி தேதி இருந்தது. அங்கே துணி தைத்து வாங்கிய உலகப் பெயர்பெற்ற பிராண்டுகளில் பலவற்றிடம் அழகான நெறிமுறை ஆவணங்கள் இருந்தன. சில நிறுவனங்களின் ஆட்கள் அந்தத் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்தும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தொழிலாளி "என் ஆள்" என்று யார் கணக்கிலும் இல்லை. உங்கள் 60 பேருக்கும் சம்பளம் எந்தத் தேதியில் கிடைக்கிறது, ஓவர்டைமுக்கு இரட்டிப்பு உண்டா, கை நசுங்கினால் மருத்துவமனைச் செலவு யாருடையது? ஏஜென்சிக்காரரிடம் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு" என்பார். அவர்களில் நாலு பேரிடம் நேரே கேளுங்கள்.

இனி விற்பனைத் தலைவர். உண்மையில் உங்கள் கடிதத்தின் மையம் இதுதான்.

"சரக்கில் குறை வரவில்லை" என்பதை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். சோதிக்காத சரக்கு நன்றாக அமைந்தது அதிர்ஷ்டம். அவர் செய்தது இரண்டு தவறுகள்: வாடிக்கையாளரிடம் பொய் சொன்னார், தனக்குக் கீழே உள்ள ஒருவரையும் பொய் சொல்ல வைத்தார். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த லேப் ஊழியர் இன்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, 200 பேரும். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கப் போவதில்லை. பாதி ஆர்டரைக் கொண்டுவருபவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நேர்மைக்கு இங்கே என்ன மதிப்பு என்று முடிவு செய்வார்கள்.

அலுமினிய நிறுவனமான ஆல்கோவாவுக்கு 1987-இல் பால் ஓ'நீல் தலைவராக வந்தார். முதலீட்டாளர்களோடு நடந்த முதல் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஆள் பித்துப்பிடித்தவர் என்று எண்ணியவர்களும் உண்டு. 100 தொழிலாளர்களுக்கு 1.86 என்றிருந்த, வேலைநாள் இழக்கவைக்கும் காயங்களின் விகிதம், 2000-ஆம் ஆண்டு அவர் விலகும்போது 0.2 ஆகியிருந்தது. லாபமும் பல மடங்கு உயர்ந்திருந்தது. இந்தப் பாதியை எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது மறுபாதி. 1996-இல் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் உள்ள ஆல்கோவா ஆலையில் தொழிலாளர்கள் நச்சுப்புகையால் பாதிக்கப்பட்டதைச் சொன்னார். விசாரித்தால் உண்மை. அந்த ஆலையிலேயே கோளாறைச் சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் மேலே தெரிவிக்கவில்லை. அந்தப் பிரிவை வளர்த்து நல்ல லாபத்தில் நடத்திய மூத்த அதிகாரியை ஓ'நீல் வேலையைவிட்டு அனுப்பினார். கோளாறு நேர்ந்ததற்காக அல்ல, அதை மறைத்ததற்காக. கூடுதல் லாபம் தருபவருக்கு விதிவிலக்கு இல்லை என்பது அன்றோடு ஆல்கோவா முழுவதற்கும் புரிந்துபோனது.

நீங்களும் இன்று மாலையே அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் வேலை, லேப் ஊழியரைக் கூப்பிட்டு, உனக்கு எந்தப் பாதகமும் வராது என்று எழுத்தில் உறுதி கொடுப்பது. அடுத்து, எத்தனை சரக்குகளுக்கு இப்படிச் சான்றிதழ் போனது என்று பழைய பதிவுகளைத் தோண்டுவது. ஒரே ஒரு முறைதான் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள். இருப்பில் மாதிரிகள் இருந்தால் இப்போதாவது சோதியுங்கள். அதன்பின் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வாடிக்கையாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பயமாக இருக்கும்.

1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்டு ஜான்சன் நாடு முழுவதும் ஏறத்தாழ 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அந்த நிறுவனத்தின் நெறி ஆவணம் 1943-இல் எழுதப்பட்டது. அதில் மருந்தைப் பயன்படுத்துபவர் முதலில், பங்குதாரர் கடைசியில். ஆனால் காகிதம் மட்டும் அந்த முடிவை எடுக்கவில்லை. 1970-களில் அதன் தலைவர் ஜேம்ஸ் பர்க் தன் மேலாளர்களைக் கூட்டி, இதன்படி நடக்கப்போகிறோமா, இல்லையென்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று வாதிட வைத்தார். சோதனை வந்தபோது அந்த வாதம்தான் கைகொடுத்தது. அதே நிறுவனம் பிற்காலத்தில் டால்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தலைமுறை சம்பாதித்த நல்ல பெயர் அடுத்த தலைமுறைக்குத் தானாகப் போய்ச் சேராது. அப்பாவின் நிறுவனத்தை நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விற்பனைத் தலைவர் சொல்வதையும் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு அந்த டெலிவரி தேதியைக் கொடுத்தது யார்? நீங்களாக இருந்தால்? அவருடைய கமிஷன் சரக்கு வாசலைத் தாண்டியதும் கிடைக்கிறதா, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டபின் கிடைக்கிறதா? அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று டார்கெட் வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் விவகாரம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியும் இருந்தார்கள். அந்த வங்கியிடமும் விழுமியங்களை விளக்கும் ஆவணம் இருந்தது. ஆனால் மாதச் சம்பளம் வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. எனவே உங்கள் கமிஷன் முறையை மாற்றுங்கள். சோதனைச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் விற்பனைப் பிரிவின் நிழல்கூடப் படாத ஒருவரிடம் இருக்கட்டும், அவர் நேரே உங்களிடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் என் கருத்து இதுதான்: மிரட்டியவர் தலைவர் பதவியில் தொடரக் கூடாது. ஒரே முறைதான், கேட்டதும் ஒப்புக்கொண்டார் என்றால், பதவியிறக்கி, அந்த ஆர்டர்களின் கமிஷனைத் திரும்பப் பெற்று, எழுத்தில் எச்சரித்து வைத்துக்கொள்ளலாம். பழக்கமாகவே செய்திருந்தால் போகத்தான் வேண்டும். அப்படிப் போனால் "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று பூச்செண்டு கொடுத்து அனுப்பாதீர்கள், அதுவும் ஒரு பொய்ச் சான்றிதழ். எந்த முடிவுக்கும் முன்னால், பெரிய வாடிக்கையாளர்களை நீங்களே ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பாதி ஆர்டர் ஒரே ஆளின் கைபேசியில் இருப்பது, அவர் உத்தமராக இருந்தாலும் ஆபத்துதான்.

போட்டியில் தாக்குப்பிடிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் ஒரே சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று 1970-இல் வாதிட்ட பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன்கூட, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் போட்டியிட வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தார். பொய்ச் சான்றிதழ் அவர் போட்ட எல்லைக்கும் வெளியேதான் நிற்கிறது. அவருடைய கோபம் பங்குதாரர் பணத்தில் தர்மம் செய்யும் சம்பள மேலாளர்கள் மீது. சொந்த நிறுவனத்தை நடத்துபவர் செலவழிப்பது அவருடைய பணம், அது வேறு விஷயம் என்று அவரே எழுதினார். ஆகவே உங்களைத் தடுக்கும் கோட்பாடு எதுவும் இல்லை. செலவு உண்டு. சில ஆர்டர்கள் போகலாம், ஓரிரு ஆண்டு லாபம் குறையலாம். நேர்மை எப்போதும் லாபத்தில்தான் முடியும் என்று உங்களுக்கு உத்தரவாதம் கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன். சரியான நேரத்தில் பணம் வாங்கும் சப்ளையர், சரக்குத் தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் அனுப்புவார் என்பதை மட்டும் உங்கள் பர்ச்சேஸ் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

வரவேற்பறைப் பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். அடுத்த காலாண்டு ஊழியர் கூட்டத்தில் மூன்று எண்களைச் சொல்லுங்கள்: சப்ளையர் பேமென்ட் சராசரியாக எத்தனை நாளில் போகிறது, ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போனது, சோதனை முடியாததால் எத்தனை சரக்குகளை நிறுத்திவைத்தோம். முதல் எண் 105 என்று இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை அந்த மேற்பார்வையாளரிடமே ஒப்படையுங்கள்.